கேள்வி – பதில்: பலகையும் நூலும்

கேள்வி: அக்காலத்து மாலுமிகள் 'இராப்பலகை' என்ற கருவியைக் கொண்டு நடுக்கடலில் தங்கள் இடத்தை அறிந்தார்கள் என்கிறார்களே, வெறும் பலகையால் அது எப்படி முடியும்?
– வாசகர், நாகப்பட்டினம்

பதில்: முடிந்தது, ஆனால் பாதிதான். இராப்பலகை என்பது நடுவில் துளையிட்டு, முடிச்சுகள் போட்ட நூலைக் கோத்த சிறிய செவ்வக மரத்துண்டு. அரபு மாலுமிகள் அதைக் கமால் என்றனர். மாலுமி ஒரு முடிச்சைப் பல்லால் கடித்துக்கொண்டு, நூல் விறைக்கும்வரை பலகையை முன்னே நீட்டி, அதன் கீழ் விளிம்பு தொடுவானத்தையும் மேல் விளிம்பு துருவ நட்சத்திரத்தையும் தொடுகின்றனவா என்று பார்ப்பார். அந்த நட்சத்திரம் நிற்கும் உயரமே ஏறக்குறைய அந்த இடத்தின் அட்சரேகை என்பதால், துறைமுகத்துக்கு ஒரு முடிச்சு இருந்தால் போதும். உங்கள் ஊருக்கு அது 11 டிகிரிக்குச் சற்றுக் குறைவு. மசூலிப்பட்டினத்துக்கு 16 டிகிரிக்குச் சற்று மேல். தொடுவானமும் தெரிந்தாக வேண்டும் என்பதால், அந்தி வெளிச்சமோ நிலவோ இல்லாத கும்மிருட்டில் இது பயன்படாது.

ஊர் திரும்பும் கப்பல் முதலில் வடக்கிலோ தெற்கிலோ ஓடி, தன் துறைமுகத்தின் முடிச்சுக்கு நட்சத்திரம் பொருந்தியதும், அந்த உயரம் மாறாமல் கரையை நோக்கித் திரும்பும். கரை இன்னும் எவ்வளவு தொலைவு என்பதைப் பலகை சொல்லாது. அதற்குக் கப்பலின் ஆட்டத்திலும் நேரம் தவறாத கடிகாரம் வேண்டும்; அது 18ஆம் நூற்றாண்டில்தான் வந்தது. அதுவரை ஓடிய நாள்களையும் வேகத்தையும் கொண்டு கணித்தவர்களுக்கு, நீரின் நிறமாற்றமும், கடற்பாம்புகளும், அடியில் கொழுப்பு தடவி இறக்கிய ஈயக்குண்டில் ஒட்டிவரும் மணலும் கரை நெருங்குவதைக் காட்டின.

பலகையைவிட என்னை வியக்கவைப்பது அவர்கள் செய்த திருத்தம்தான். 15ஆம் நூற்றாண்டில் துருவ நட்சத்திரம் வானத்தின் உண்மையான துருவத்திலிருந்து ஏறக்குறைய மூன்றரை டிகிரி விலகியிருந்தது. அதைக் கணக்கில் கொள்ளாதவர் நாகப்பட்டினத்துக்குப் பதிலாக நெல்லூர்ப் பக்கமோ கல்முனைப் பக்கமோ போய்ச் சேரக்கூடும். ஆகவே, அந்நேரத்தில் எந்த நட்சத்திரக் கூட்டம் உச்சத்தில் இருக்கிறது என்று பார்த்து, அதற்கேற்பக் கூட்டவோ கழிக்கவோ செய்தார்கள்.

கேள்வி: பூமத்திய ரேகையை நெருங்கினால் துருவ நட்சத்திரம் மறைந்துவிடுமே?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: மறைந்துவிடும். அரபு மாலுமி இப்னு மாஜித் 15ஆம் நூற்றாண்டில் எழுதிய நூல்களில் இதற்கும் வழி இருக்கிறது: துருவ நட்சத்திரம் உள்ள அதே கூட்டத்தின் மறுமுனையிலிருக்கும் இரட்டை நட்சத்திரங்களை, அவை உச்சத்துக்கு வரும் வேளையில் அளப்பது. அவையும் தாழ்ந்துவிட்டால் சப்தரிஷி மண்டலத்து நட்சத்திரங்களை நாடினார்கள்.