வாசகர் கேள்வி பதில்: தேய்ந்த தாலரே போதும்

கேள்வி: மறுமலர்ச்சிக் காலத்து ஜெர்மன் வெள்ளி நாணயங்களைச் சேர்க்க ஆசை. முதல் பெரிய வெள்ளிக் காசு என்கிறார்களே, அந்த 1486-ம் வருடத்து குல்டினரிலிருந்தே தொடங்கலாமா?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: வேண்டாம். டிரோல் பகுதியின் ஹால் ஊரில் (இன்று அது ஆஸ்திரியா) ஆர்ச்டியூக் சிகிஸ்மண்ட் அடித்த காசு அது. குல்டன் என்ற தங்கக் காசு ஒன்றின் மதிப்பை அப்படியே வெள்ளியில் கொடுத்தார், பின்னால் வந்த தாலர் என்ற பெரிய வெள்ளிக் காசுகளுக்கெல்லாம் வழி போட்டதும் அதுதான். ஆனால் அசல் கிடைப்பது அபூர்வம், விலையும் எட்டாது, போதாக்குறைக்கு பிற்காலத்தில் நினைவுக்காக அடித்த நகல்களும் சந்தையில் சுற்றுகின்றன.

ஜெர்மனியின் சாக்சனி பகுதியில் தொடங்குங்கள். அங்கே 1553 முதல் 1586 வரை ஆண்ட ஆகஸ்ட் என்ற ஆட்சியாளரின் தாலர்கள் ஓரளவு தாராளமாகவே ஏலத்துக்கு வருகின்றன. ஒரு பக்கம் தோளில் வாளைச் சாய்த்தபடி தாடியோடு ஆகஸ்ட், மறுபக்கம் குலச் சின்னங்கள். டிரெஸ்டனில் அடித்த பல காசுகளில் ஹெச், பி என்று இரண்டு எழுத்துகள் இருக்கும், நாணயச்சாலைத் தலைவர் ஹான்ஸ் பீனரின் அடையாளம். 400 வருடத்துக்கு மேல் ஆகியும் அந்த ஆளின் பொறுப்பு காசிலேயே நிற்கிறது பாருங்கள், எனக்கு இந்தத் தாலர்கள் பிடிக்கக் காரணமே அதுதான்.

வாங்கும் முன் எடை போடச் சொல்லுங்கள். 1566-ல் புனித ரோமப் பேரரசு (அன்றைய ஜெர்மன் நாடுகள் அதற்குள்தான் இருந்தன) வகுத்த கணக்குப்படி ஒரு தாலர் சுமார் 29.2 கிராம், அதில் சுத்த வெள்ளி 26 கிராம் அளவுக்கு. அப்புறம் விளிம்பு. இந்தக் காசுகளைப் பலர் வளையம் பற்றவைத்துக் கழுத்தில் மாட்டியிருக்கிறார்கள், அதனால் தலைக்கு நேர் மேலே அரம் போட்ட தடமோ பற்றுவைத்த திட்டோ இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். இருந்தால் விலை நன்றாகக் குறைய வேண்டும், குறைக்க மாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள். விளிம்பைச் சுற்றி ஒரே சீராகக் கோடு ஓடினால் அது வார்த்த போலியாக இருக்கலாம். ஆகஸ்ட்டின் மூக்கும் தாடியும் தேய்ந்திருப்பதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், புழங்கிய காசு தேயத்தான் செய்யும்.

கேள்வி: என்னிடம் உள்ள பழைய தாலர் கறுத்துவிட்டது. குத்துவிளக்குக்குப் போடுவது போல விபூதி போட்டுத் தேய்க்கலாமா?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: தயவுசெய்து கூடாது! அந்தக் கறுப்பு பல தலைமுறையாகப் படிந்தது, தேய்த்தால் மெல்லிய கீறல்கள் விழும், மதிப்பும் போய்விடும், திரும்ப வராது. விளிம்பைப் பிடித்துத் தூக்கி, பிவிசி என்ற பிளாஸ்டிக் கலக்காத உறையில் போட்டு ஈரம் படாத இடத்தில் வையுங்கள்.