எடுக்க எடுக்கத்தான் ஊறும்: தாய்ப்பால் பற்றி வாசகர் கேள்விகள்

போன இதழில் தாய்ப்பால் பற்றி ஒரு வாசகிக்கு நாலு வரியில் பதில் எழுதியிருந்தேன். அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதே கவலைதான், "பால் பத்தலை", "பால் நின்னுடுமா", "பம்புல வரலை". அதனால் இந்த முறை பக்கம் முழுவதையும் இதற்கே ஒதுக்கிவிட்டேன். 26 வருடம் பிரசவ வார்டில் செவிலியராக இருந்து பார்த்ததை வைத்துத்தான் பதில் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, நான் அம்மாபேட்டையிலிருந்து எழுதுறேன். சிசேரியன் ஆகி 7 வாரம் ஆகுது, பெண் குழந்தை. பிறந்தப்ப 2 கிலோ 800. போன வாரம் தடுப்பூசிக்குப் போனப்ப 3 கிலோ 900 இருந்தா. முதல் மாசம் மார்பு கல்லு மாதிரி இருக்கும், ஜாக்கெட் நனைஞ்சு போகும். இப்ப தளர்ந்துடுச்சு. சாயங்காலம் ஆறு மணியில இருந்து பத்து மணி வரைக்கும் மடியை விட்டு இறங்கவே மாட்டேங்கறா. "உனக்குப் பால் வத்திப்போச்சு"ன்னு அத்தை சொல்றாங்க. பம்பு வெச்சுப் பார்த்தா ரெண்டு பக்கமும் சேர்த்து 30 மில்லிதான். அஞ்சு நாளா ரெண்டு வேளை பவுடர் பால் குடுக்கறேன். என் பால் நின்னுடுமா?

பதில்: முதலில் உங்கள் கடிதத்தில் நீங்களே எழுதியிருக்கும் எடையைப் பாருங்கள் கண்ணு. ஆறு வாரத்தில் 1 கிலோ 100 கிராம் ஏறியிருக்கிறாள், அதாவது நாளுக்கு 26 கிராம். முதல் மூன்று மாதத்தில் நாளுக்கு 20 முதல் 30 கிராம் ஏறினால் போதும் என்பதுதான் கணக்கு. அந்த எடை முழுக்க உங்கள் பாலில் ஏறியது, பவுடர் டப்பா வீட்டுக்குள் வருவதற்கு முன்பே ஏறியது. பால் பத்தாமல் எந்தக் குழந்தையும் இப்படி ஏறாது.

மார்பு தளர்ந்துபோனது பால் வற்றியதால் அல்ல. முதல் சில வாரம் உடம்புக்குக் குழந்தையின் தேவை தெரியாது, அதனால் அளவில்லாமல் சுரந்து கட்டிக்கொள்ளும். ஆறு வாரம் தாண்டும்போது கணக்குப் பிடிபட்டுவிடும், குழந்தை குடிக்கக் குடிக்கச் சுரக்கும், கட்டாது, வழியாது. சாயங்காலம் விடாமல் குடிப்பதும் இந்த வயதுக் குழந்தைகள் நிறையப் பேர் செய்வதுதான். நாலு மணி நேரம் அடுத்தடுத்துக் குடித்துவிட்டு ராத்திரி கொஞ்சம் சேர்ந்தாற்போல் தூங்கும். அந்த நாலு மணி நேரம் உங்களுக்குக் கஷ்டம்தான், மறுக்கவில்லை. அந்த நேரத்தில் அடுப்படி வேலை உங்கள் தலையில் விழாமல் வீட்டுக்காரரும் அத்தையும் பார்த்துக்கொள்ளட்டும், நீங்கள் ஒரு சொம்புத் தண்ணீரோடு உட்கார்ந்துவிடுங்கள்.

பம்பில் 30 மில்லி வந்ததை வைத்து உங்கள் மார்பை எடைபோடாதீர்கள். குழந்தை குடித்து முடித்த பிறகு எடுத்தால் அவ்வளவுதான் வரும், அது மிச்சம். குழந்தையின் வாய் எடுப்பதுபோல் எந்த இயந்திரமும் எடுக்காது.

நான் பயப்படுவது அந்த இரண்டு வேளை பவுடர் பாலுக்குத்தான். இறைக்கிற கிணறுதான் ஊறும் என்று நம் ஊரில் சொல்வது இங்கே அப்படியே பொருந்தும். மார்பில் பால் தேங்கி நின்றால் "இது போதும், குறைத்துக்கொள்" என்று உடம்பு புரிந்துகொண்டு சுரப்பைக் குறைக்கும், காலியாகக் காலியாக வேகமாகச் சுரக்கும். பவுடர் பால் குடித்துவிட்டு அவள் மூன்று நாலு மணி நேரம் தூங்குகிறாள், அந்த நேரம் முழுக்க உங்கள் பால் தேங்கி நிற்கிறது. இரண்டு நாளில் சுரப்பு கொஞ்சம் குறையும், அத்தை சொன்னது சரிதான் என்று தோன்றும், மூன்றாவது வேளையும் டப்பா திறப்பீர்கள். பால் நன்றாக இருந்தவர்களுக்கே இப்படித்தான் நின்றுபோனதை வார்டில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். என் மூத்தவனுக்கும் இதுவே நடந்தது. பிரசவமான இரண்டாம் நாள் "உனக்குப் பால் இல்லை" என்று ஒருவர் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போனார், நானும் நம்பினேன். சீம்பால் சொட்டுச் சொட்டாகத்தான் வரும், பால் இறங்க மூன்று நாலு நாள் ஆகலாம் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது. இரண்டு மாதத்தில் முழுக்கப் பவுடர் பாலுக்குப் போய்விட்டேன். அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அப்போ என்ன செய்வது? பவுடர் பாலைத் திடீரென நிறுத்த வேண்டாம், முதலில் ஒரு வேளையை எடுத்துவிட்டு அந்த நேரத்தில் மடியில் போடுங்கள், மூன்று நாள் கழித்து அடுத்ததையும் எடுங்கள். ஒரு நாளில் 8 முதல் 12 முறை குடிக்க வேண்டும். ஒரு பக்கம் குடித்து வேகம் குறைந்ததும் மார்பைக் கையால் மெல்ல அழுத்திக்கொடுங்கள், திரும்ப விழுங்க ஆரம்பிப்பாள். அப்புறம் அடுத்த பக்கம் மாற்றுங்கள். ராத்திரிப் பாலை மட்டும் எக்காரணத்துக்கும் விடாதீர்கள், பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் நடுராத்திரியிலும் விடியற்காலையிலும்தான் அதிகமாக இருக்கும். நாளுக்கு ஆறு முறைக்குக் குறையாமல் மூத்திரத் துணி நன்றாக நனைகிறதா என்று பாருங்கள், வாரம் ஒருமுறை அங்கன்வாடியிலோ சுகாதார நிலையத்திலோ எடை போடுங்கள். மூத்திரம் குறைந்தாலோ, குழந்தை துவண்டு கிடந்தாலோ, உச்சிக்குழி உள்வாங்கினாலோ, எடை ஏறாமல் நின்றாலோ இந்தப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்காமல் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும்.

கேள்வி: ஐந்து ரோடு பக்கம் ஒரு தனியார் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். 26 வார விடுப்பு முடிந்து திரும்பி ஒரு மாதம் ஆகிறது. முதலில் ஒரு தடவைக்கு 120 மில்லி வந்த பம்பில் இப்போது 60 கூட வரவில்லை. வீட்டில் அம்மா பாட்டிலில் கொடுக்கிறார், "பத்தவே இல்லை, இன்னும் கேட்கிறான்" என்கிறார். ஓமலூரிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறேன்.

பதில்: திடீரெனப் பாதியாகக் குறைந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது பம்பைத்தான். இதே குறையோடு ஒரு பெண் வந்தபோது பம்பைக் கையோடு கொண்டுவரச் சொன்னேன். உள்ளே இருக்கும் சின்ன சிலிகோன் வால்வைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் மயிரிழை அளவுக்கு ஒரு கிழிசல். தினமும் கொதிக்க வைத்ததில் ஓரம் கொஞ்சம் விரிந்தும் போயிருந்தது. மோட்டார் சத்தம் எப்போதும்போலத்தான் கேட்கும், இழுவை மட்டும் இருக்காது. புது வால்வு போட்டதும் அன்றைக்கே பழைய அளவுக்கு வந்துவிட்டது. நீங்களும் அதை மாற்றிப் பாருங்கள். அதோடு மார்பில் வைக்கும் புனலின் அளவையும் பாருங்கள், காம்பு நடுவில் தாராளமாக அசைய வேண்டும். சுற்றியுள்ள கறுப்புத் தோல் நிறைய உள்ளே போனால் பெரியது, காம்பு பக்கவாட்டில் உரசி வலித்தால் சின்னது. பெட்டியோடு வருகிற அளவு எல்லோருக்கும் பொருந்தாது.

பம்பு சரியாக இருந்தால் அடுத்தது நேரம். வேலையில் மூழ்கி ஐந்து மணி நேரம் எடுக்காமல் விடுகிறீர்களா? மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்தாக வேண்டும். பால் கொடுக்கும் தாய்க்குக் குழந்தையின் 15 மாதம் வரை நாளுக்கு இரண்டு இடைவேளை சட்டத்திலேயே இருக்கிறது, மேலதிகாரியிடம் தயங்காமல் கேளுங்கள், கெஞ்ச வேண்டியதில்லை. எடுப்பதற்கு முன் இரண்டு நிமிடம் மார்பைத் தடவிவிட்டு, எடுக்கும்போதும் கையால் அழுத்திக்கொடுத்தால் இன்னும் அதிகமாக வரும். லீவு நாளில் ஒரு மணி நேரம் இப்படிச் செய்து பாருங்கள்: 20 நிமிடம் எடுத்து 10 நிமிடம் ஓய்வு, திரும்ப 10 நிமிடம் எடுத்து 10 நிமிடம் ஓய்வு, கடைசியாக 10 நிமிடம். ஒரு வாரம் விடாமல் செய்தால் பலருக்கு ஏறுகிறது. மாதவிடாய் திரும்ப வந்திருந்தால் அந்தச் சில நாள் குறையும், தானாகச் சரியாகும். கருத்தடை மாத்திரை புதிதாக ஆரம்பித்திருந்தால் அதில் ஈஸ்ட்ரோஜன் இருக்கிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள், அது பாலைக் குறைக்கும்.

அம்மாவிடம் ஒன்று சொல்லுங்கள். நீங்கள் வெளியே இருக்கும் நேரத்துக்கு மணிக்கு 30 முதல் 45 மில்லி வைத்தால் போதும், ஒன்பது மணி நேரத்துக்குச் சுமார் 300 முதல் 400 மில்லி. பாட்டிலில் தானாக ஒழுகுவதால் குழந்தை வயிறு நிறைந்த பிறகும் விழுங்கிக்கொண்டே இருக்கும், அதைப் பார்த்துப் பத்தவில்லை என்று நினைக்கிறார். சங்கிலோ பாலாடையிலோ நிறுத்தி நிறுத்திப் புகட்டச் சொல்லுங்கள்.

எடுத்த பாலை 25 டிகிரி வரைக்கும் வெளியே நாலு மணி நேரம் வைக்கலாம் என்பார்கள், நம் சேலம் வெயிலுக்கு அந்தக் கணக்கை நம்பாதீர்கள். எடுத்தவுடன் அலுவலக ஃபிரிட்ஜில் வையுங்கள், பஸ்ஸில் வரும்போது ஐஸ் பேக் போட்ட பையில் கொண்டுவாருங்கள். ஃபிரிட்ஜில் நாலு நாள் இருக்கும். மேலே ஆடை மாதிரி பிரிந்து நின்றால் கெட்டதாக அர்த்தமில்லை, மெல்லச் சுழற்றினால் கலந்துவிடும். அடுப்பில் வைத்துச் சூடாக்க வேண்டாம், வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரத்தை வைத்தால் போதும்.

கேள்வி: ஏற்காட்டுல எஸ்டேட் வேலைக்குப் போறேங்க. பாப்பாவுக்கு 4 மாசம், மாமியார் பார்த்துக்குறாங்க. காலையில போனா சாயங்காலம்தான் வருவேன். பம்பு வாங்க வசதி இல்ல. மத்தியானம் ஆனா மார்பு கட்டிக்கிட்டு வலிக்குது.

பதில்: பம்பே வேண்டாம் தாயி, உங்கள் கையே போதும். கையை சோப்புப் போட்டுக் கழுவி, மலைக் குளிரில் விரல் சில்லிட்டிருந்தால் தேய்த்துச் சூடாக்கிக்கொள்ளுங்கள். குளிர்ந்த கை பட்டால் பால் இறங்கத் தாமதமாகும். கட்டைவிரல் மேலே, ஆட்காட்டி விரல் கீழே, காம்பிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி வைத்து, முதலில் நெஞ்சுப் பக்கம் உள்நோக்கி அழுத்தி, அப்புறம் இரண்டு விரலையும் சேர்த்து அமுக்கி விடுங்கள். தோலில் வழுக்கக் கூடாது, காம்பைப் பிடித்து இழுக்கக் கூடாது. முதல் ஒன்றிரண்டு நிமிடம் ஒன்றுமே வராது, பிறகு சொட்டும், அப்புறம் பீச்சும். குறைந்ததும் அடுத்த பக்கம், திரும்ப முதல் பக்கம். விரலைச் சுற்றிச் சுற்றி இடம் மாற்றி வையுங்கள்.

கொதிக்க வைத்த மூடியுள்ள எவர்சில்வர் டப்பாவில் பிடித்து, நாலு மணி நேரத்துக்குள் வீட்டுக்குப் போய்ச் சேரும் என்றால் பாப்பாவுக்குக் கொடுக்கலாம், இல்லையென்றால் கொட்டிவிடுங்கள். கொட்டினாலும் அது வீண் இல்லை, எடுத்ததால்தான் நாளைக்கும் ஊறும், கட்டும் விடும். காலையில் கிளம்பும் முன்பும் வந்தவுடனும், ராத்திரி எத்தனை முறை கேட்டாலும் நேரடியாகக் கொடுங்கள். பெண்கள் நிறையப் பேர் வேலை செய்யும் எஸ்டேட்டில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், மேஸ்திரியிடம் கேட்டுப் பாருங்கள். இருந்தால் நடுவில் போய்ப் பால் கொடுக்கலாம்.

கேள்வி: என் மனைவிக்குப் பிரசவமாகி 5 நாள். மார்பு கட்டிக்கொண்டு துடிக்கிறாள். மல்லிகைப்பூ வைத்துக் கட்டினால் வலி போகும் என்று பக்கத்து வீட்டு ஆயா சொல்கிறார். செய்யலாமா? – எடப்பாடி வாசகர்

பதில்: வேண்டாம் தம்பி, வேண்டவே வேண்டாம். குழந்தை தவறிப்போனவர்களுக்கும் பாலை நிறுத்த நினைப்பவர்களுக்கும் நம் பாட்டிமார் செய்த வைத்தியம் அது. மல்லிகைப்பூ பாலைக் குறைக்கிறது என்று வேலூரில் ஆய்வே செய்து 1988-ல் வெளியிட்டார்கள். உங்கள் மனைவிக்குத் தேவை பாலை எடுப்பது. மார்பு இறுகிக் குழந்தையால் பிடிக்க முடியாவிட்டால் காம்பைச் சுற்றிக் கையால் கொஞ்சம் பீச்சி இளக்கிவிட்டு மடியில் போடச் சொல்லுங்கள், குடித்த பிறகு ஈரத்துணி ஒத்தடம் கொடுங்கள். காய்ச்சல் வந்தாலோ, ஒரு இடம் சிவந்து சூடாக இருந்தாலோ உடனே டாக்டரிடம் கூட்டிப்போங்கள். அப்போதும் பால் கொடுப்பதை நிறுத்தக் கூடாது.

கேள்வி: சுறா புட்டு, பூண்டு, முருங்கைக்கீரை சாப்பிட்டால் பால் ஊறுமா? வெந்தய மாத்திரை வாங்கலாமா? – கொண்டலாம்பட்டி வாசகி

பதில்: தாராளமாகச் சாப்பிடுங்கள், பிள்ளை பெற்ற உடம்புக்கு நல்ல சாப்பாடு. ஆனால் பால் எடுக்காமல் சுறாவை மட்டும் சாப்பிட்டால் ஊறாது. பச்சை உடம்பு என்று தண்ணீரைக் குறைக்கிறார்களே, அதுதான் தப்பு, தாகத்துக்கு வேண்டியமட்டும் குடியுங்கள். வெந்தயத்தைக் குழம்பில் போடுவது சரி, மாத்திரையாக விழுங்கினால் சர்க்கரை இறங்கலாம், தைராய்டு உள்ளவர்களுக்கும் ஆகாது. பால் கூட்டும் மாத்திரைகள் எதையும் மெடிக்கலில் நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள், சிலது இதயத் துடிப்பைப் பாதிக்கும்.

கேள்வி: ஆத்தூரிலிருந்து எழுதுகிறேன். நீங்கள் சொல்வதை எல்லாம் மூன்று மாதமாகச் செய்துவிட்டேன் அக்கா. அப்படியும் பாதி பவுடர் பால்தான். நான் சரியான அம்மா இல்லையோ?

பதில்: இந்தக் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நீங்கள் எல்லாம் செய்தும் வரவில்லை என்றால் உடம்பில் காரணம் இருக்கலாம், உங்கள் முயற்சியில் குறை இல்லை. தைராய்டு, பிரசவத்தில் அதிக ரத்தப்போக்கு, சினைப்பையில் நீர்க்கட்டிப் பிரச்சினை, முன்பு மார்பில் செய்த அறுவை, இவை எதுவானாலும் சுரப்பு குறையும். குழந்தையின் நாக்கு அடியில் ஒட்டியிருந்தாலும் சரியாக இழுக்க முடியாது, அதை ஒருமுறை குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். உங்களுக்குத் தைராய்டும் ஹீமோகுளோபினும் பார்த்துவிடுங்கள். தைராய்டு என்றால் மருந்தில் சுரப்பு கூட வாய்ப்பு உண்டு.

நீங்கள் கொடுக்கும் பாதி, பாதி அல்ல, அவ்வளவும் தாய்ப்பால்தான். ஒவ்வொரு வேளையும் முதலில் மடியில் போடுங்கள், அப்புறம் மீதிக்குப் பவுடர் பால். கொதிக்க வைத்த தண்ணீரில், டப்பாவில் போட்டிருக்கும் அளவிலேயே கலக்குங்கள், சிக்கனம் பார்த்து நீர்க்க விடாதீர்கள். ராத்திரி ஒரு வேளையாவது உங்கள் பால் மட்டும் கொடுத்துப் பாருங்கள், எழுந்து தண்ணீர் காய்ச்சும் வேலையும் மிச்சம். ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள்.