பருவநிலைக்காக ஒரு நாட்டின் மேல் தடை போடலாமா?

மதுரைக் கண்மாய்க் குழுவில் வந்த கேள்விகளுக்கு, சர்வதேசச் சட்டப் பாடம் நடத்தி ஓய்வுபெற்ற நம் உறுப்பினர் பதில் சொல்கிறார்.

மேலூர் விவசாயி: அய்யா, மழை தப்பித் தப்பிப் பெய்கிறது. அதிகம் புகை விடும் நாடுகள் மேல் ஐ.நா. பொருளாதாரத் தடை போட்டால் என்ன?

தடை போடும் அதிகாரம் பாதுகாப்பு மன்றத்துக்கு உண்டு. ஆனால் அங்கே ஐந்து நாடுகளிடம் வீட்டோ இருக்கிறது, அதாவது அவற்றில் ஒன்று மறுத்தாலே தீர்மானம் விழுந்துவிடும். பருவநிலையைப் பாதுகாப்பு விஷயமாகவும் பார்க்கச் சொன்ன தீர்மானத்தையே 2021 டிசம்பரில் ரஷ்யா வீட்டோ செய்தது, இந்தியாவும் எதிர்த்தது.

செல்லூர் மாணவி: பருவநிலைக்கான பாரிஸ் ஒப்பந்தத்தை மீறினால் தண்டனை உண்டா?

இல்லையம்மா. தண்டிக்காத முறை என்று 15வது பிரிவே சொல்கிறது. அதற்கு முன் வந்த கியோட்டோ பருவநிலை உடன்படிக்கையில் தண்டனை இருந்தது. ஆனாலும் கனடா 2011இல் விலகலை அறிவித்துவிட்டது.

உசிலம்பட்டி ஆசிரியை: அப்படியானால் தடையே பயன்படாதா?

பயன்பட்ட இடம் உண்டு. ஓசோனைக் காக்க வந்த 1987 மாண்ட்ரீல் உடன்படிக்கை, சேராத நாடுகளோடு ஓசோனை அரிக்கும் குளோரோபுளோரோகார்பன் வாயுக்களின் வியாபாரத்தைத் தடுத்தது. கூடவே ஏழை நாடுகள் மாறிக்கொள்ள 1990இல் நிதி ஏற்பாடும் வந்தது. அதன் பிறகுதான், 1992இல், இந்தியா சேர்ந்தது. இன்று எல்லா நாடுகளும் உள்ளே. தடை ஒரு பொருளின் மேல் இருந்தது, மக்கள் மேல் இல்லை. மாறாக, 1990இல் ஐ.நா. தடையால் இராக் முழுவதையும் முடக்கினார்கள். பிள்ளைகள் மருந்துக்குத் தவித்தார்கள், அதிபர் சதாம் 2003 வரை நாற்காலியில் இருந்தார். நாட்டின் மேல் போடும் தடை அடுப்படியில்தான் போய் விழும்.

அனுப்பானடி இளைஞர்: அமெரிக்கா மேல் ஐ.நா. தடை போடுமா?

முதல் பதிலைப் படியுங்கள் தம்பி. ஐவரில் அமெரிக்காவும் ஒன்று.

திருமங்கலம் பட்டறைக்காரர்: ஐரோப்பாவின் கார்பன் வரி மாறுவேடத் தடைதானே?

சட்டப்படி இல்லை. புகை விட்டுச் செய்த பொருள் அங்கே இறக்குமதியாகும்போது அந்தப் புகைக்கு வாங்கும் கட்டணம் அது. இரும்பு, அலுமினியம், சிமென்ட், உரம், மின்சாரம், ஹைட்ரஜன். இவற்றுக்கு 2026 ஜனவரி முதல் வருகிறது. என் குறை வேறு: பணம் ஐரோப்பாவுக்குப் போகிறது, மாண்ட்ரீல் போல ஏழை நாட்டுக்கு நிதி இல்லை.

செல்லூர் மாணவி: வரி வந்தால்தானே ஆலைகள் மாறும்?

மாறட்டும், நானும் அதையே விரும்புகிறேன். ஆனால் உள்நாட்டில் கட்டிய கார்பன் விலையை அந்த வரியில் கழித்துக்கொள்ளலாம். நாமே வசூலித்தால் பணம் இங்கேயே நிற்கும். பட்டறைக்காரர் புது உலை வாங்க அதைக் கொடுக்கலாம்.

பட்டறைக்காரர்: கொடுப்பார்களா?

கேட்டு வாங்க வேண்டும். குழுவாகப் போய்க் கேட்போம், நானும் வருகிறேன்.

வாடிப்பட்டி வாசகர்: முல்லைப் பெரியாறு...

அது தனி வழக்கு. இன்னொரு நாள் பேசலாம்.

பெயரில்லாதவர்: சீனா மேல் ஐ.நா...

வீட்டோ அய்யா, வீட்டோ.