கால்பந்து அணியும் நாளிதழும்

அன்புள்ள ஐயா,

லண்டன் டெலிகிராஃப் நாளிதழின் விற்பனை பற்றிய செய்திகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். அபுதாபியின் ஷேக் மன்சூர் 2008இல் மான்செஸ்டர் சிட்டி கால்பந்து அணியை வாங்கினார். யாரும் தடுக்கவில்லை. அவர் பணம் போட்ட நிறுவனம் டெலிகிராஃபைக் கேட்டு வந்ததும் தனிச் சட்டமே போட்டுத் தடுத்துவிட்டார்கள். இது பாரபட்சம் இல்லையா? அச்சு இதழ்களே அழிந்துகொண்டிருக்கும்போது இதற்கு 50 கோடி பவுண்டு கொடுக்க ஏன் ஆள் வருகிறது?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

இரண்டாவது கேள்வியை முதலில் முடித்துவிடலாம். டெலிகிராஃப் நொடித்துப்போய் விலைக்கு வரவில்லை. 2004இல் அதை 66.5 கோடி பவுண்டுக்கு வாங்கிய பார்க்லே குடும்பம் பழைய கடனை அடைக்காததால், 2023 ஜூனில் லாயிட்ஸ் வங்கி அதைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டது. கடனில் மூழ்கியது குடும்பம்தான், பத்திரிகை லாபத்தில் ஓடியது. அதே ஆண்டில் அதன் சந்தாக்கள் 10 லட்சத்தைத் தொட்டன, பெரும்பாலும் டிஜிட்டல். இண்டிபெண்டென்ட் 2016இல் அச்சை நிறுத்தியதும் ஈவ்னிங் ஸ்டாண்டர்ட் 2024இல் வார இதழாகச் சுருங்கியதும் உண்மைதான். ஆனால் காசு கட்டிப் படிக்கும் வாசகர்களைப் பிடித்துக்கொண்ட இதழ்கள் இணையத்தில் பிழைத்துக்கொண்டன. அப்புறம், கன்சர்வேட்டிவ் கட்சிக்காரர்கள் காலையில் எதைப் படிக்கிறார்கள் என்பதற்கும் அந்த விலையில் ஒரு பங்கு உண்டு.

சரி, பாரபட்சம். 2024இல் வந்த சட்டம் தடுத்தது வெளிநாட்டு அரசுகளை. வெளிநாட்டுக்காரர்களை அல்ல. கேஜிபியில் வேலை பார்த்த ரஷ்யரான அலெக்சாந்தர் லெபதெவ் 2009இல் ஈவ்னிங் ஸ்டாண்டர்டை ஒரே ஒரு பவுண்டுக்கு வாங்கினார். அவர் மகன் இன்று பிரபுக்கள் சபை உறுப்பினர்! 2015இல் ஃபைனான்ஷியல் டைம்ஸ் 84.4 கோடி பவுண்டுக்கு ஜப்பானின் நிக்கேயிடம் போனது. ஷேக் மன்சூரோ ஐக்கிய அமீரகத்தின் துணை அதிபர். அரசாங்கங்களைப் பற்றி எழுத வேண்டிய ஒரு தாளுக்கு இன்னொரு நாட்டின் அரசாங்கமே முதலாளியாக இருப்பது சரியில்லை. கால்பந்து அணி தலையங்கம் எழுதுவதில்லை. 2025இல் விதியைக் கொஞ்சம் தளர்த்தி 15 சதவீதம் வரை பங்கு வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். அதுவே அதிகம் என்பது என் எண்ணம்.

பாரபட்சம் என்று சண்டை போட வேண்டுமானால் 1981ஐ எடுத்துக்கொள்ளுங்கள். சன், நியூஸ் ஆஃப் தி வேர்ல்ட் இரண்டையும் ஏற்கெனவே கையில் வைத்திருந்த ரூபர்ட் மர்டாக் டைம்ஸையும் சண்டே டைம்ஸையும் கேட்டார். முறைப்படி ஏகபோக ஆணையத்தின் விசாரணைக்கு அது போயிருக்க வேண்டும். இதழ்கள் நஷ்டத்தில் இருக்கின்றன, அவசரம் என்று காரணம் சொல்லி அமைச்சர் ஜான் பிஃபென் அனுப்பவில்லை. அந்த ஜனவரி 4ஆம் தேதி மர்டாக், பிரதமர் தாட்சரின் ஊர்ப்புற மாளிகையான செக்கர்ஸில் மதிய உணவு சாப்பிட்டிருக்கிறார். அந்தச் சந்திப்பின் குறிப்பு வெளியே வர 2012 ஆயிற்று. ஆசிரியர் குழுவின் சுதந்திரத்துக்காக மர்டாக் எழுதிக் கொடுத்த உறுதிமொழிகளும் நிலைக்கவில்லை. டைம்ஸ் ஆசிரியர் ஹெரால்ட் எவன்ஸ் சுமார் ஓராண்டில் வேலையை விட்டுப் போக வேண்டியதாயிற்று. மிச்சமிருந்த உறுதிமொழிகளிலிருந்து 2022இல் அரசே மர்டாக்கின் நிறுவனத்தை விடுவித்துவிட்டது.

இப்போதும் வெளி வாசலில்தான் காவல் பலமாக இருக்கிறது. அபுதாபியின் அமெரிக்கக் கூட்டாளியான ரெட்பேர்ட் முதலீட்டு நிறுவனம் டெலிகிராஃபைத் தானே முன்னின்று வாங்கப் பார்த்து, 2025 நவம்பரில் பின்வாங்கியது. உடனே அதே 50 கோடியோடு டெய்லி மெயிலின் உரிமையாளர் ரோதர்மியர் பிரபுவின் நிறுவனம் வந்து நின்றது. மெட்ரோவும் ஐ பேப்பரும் ஏற்கெனவே அவர்களுடையவை.

பிரிட்டிஷ் பத்திரிகைகளைக் கண்காணிக்கும் இப்ஸோவாலும் இதில் ஒன்றும் செய்ய முடியாது. அது செய்திகளின் மேல் வரும் புகார்களை விசாரிக்கும் அமைப்பு. அதற்குப் படியளப்பதும் இதே முதலாளிகள்தான். வெளிநாட்டு அரசுக்கு 15 சதவீதம் என்று கோடு போட்ட சட்டம், உள்ளூர் முதலாளி ஒருவர் எத்தனை தேசிய நாளிதழ்கள் வைத்திருக்கலாம் என்று எங்கும் கோடு போடவில்லை. ஒழுங்குமுறை அமைப்புகளின் அறிக்கையை வாங்கிக்கொண்டு ஒவ்வொரு முறையும் அமைச்சர்தான் தீர்மானிக்க வேண்டும். அந்த அமைச்சரைப் பற்றி மறுநாள் எழுதப்போவதும் மெயிலும் டெலிகிராஃபும்தான்.