கோர்ஸில் சேர நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: எனக்கு ஊர் கேரள எல்லையிலுள்ள கொழிஞ்சாம்பாறை பக்கம். பள்ளியில் தமிழ் மீடியம், அப்புறம் பி.காம். மலையாளம் நன்றாகப் பேசுவேன், வாசிப்பேன், எழுதத்தான் தடுமாற்றம். கஞ்சிக்கோட்டிலும் கோயம்புத்தூரிலும் இன்டர்வியூ போனேன். கணக்கு எழுதுகிற டேலி சாஃப்ட்வேர் தெரியுமா என்றால் தெரியும் என்கிறேன், அடுத்த கேள்வியிலேயே மாட்டிக்கொள்கிறேன். எல்லோரும் அனுபவம் கேட்கிறார்கள். இன்னொரு பெரிய கோர்ஸில் சேரலாமா அக்கா? அதற்கு நகையை அடகு வைக்கலாம் என்கிறார் அம்மா.
- வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: வேண்டாம்மா, நகை வீட்டிலேயே இருக்கட்டும்.

அடுத்த கேள்வியில் மாட்டிக்கொள்கிறேன் என்கிறீர்களே, அங்கேதான் விஷயம் இருக்கிறது. டேலியில் எஃப்8 அழுத்தினால் விற்பனை, எஃப்9 அழுத்தினால் கொள்முதல் என்பதைக் கோர்ஸில் சொல்லித் தந்துவிடுவார்கள். கம்பெனிக்காரர் கேட்பது வேறு. பொள்ளாச்சியிலிருந்து வந்த சரக்கில் பாதியைத் திருப்பி அனுப்பினால் கணக்கில் என்ன செய்வாய் என்பார். இதற்குப் பதில் இன்னொரு சான்றிதழில் கிடைக்காது, நிஜ பில்களோடு உட்கார்ந்தால்தான் வரும்.

அதற்கு உங்கள் ஊரைவிட நல்ல இடம் இல்லை என்றுதான் சொல்வேன். உங்கள் ஊர்க் கடைக்காரரின் ஜிஎஸ்டி எண் கேரளத்துக்கான 32 என்று தொடங்கும், பொள்ளாச்சிக்காரருடையது தமிழ்நாட்டுக்கான 33. அங்கிருந்து வாங்கினால் பில்லில் மாநிலம் விட்டு மாநிலம் வரும் சரக்குக்கான ஐஜிஎஸ்டி, அதே சரக்கைப் பாலக்காட்டில் விற்றால் மத்திய அரசுக்கான சிஜிஎஸ்டியும் மாநில அரசுக்கான எஸ்ஜிஎஸ்டியும் பாதிப் பாதி. சரக்கு 50,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதாக இருந்து மாநில எல்லையைத் தாண்டினால் பொதுவாக இ-வே பில் என்கிற ஆன்லைன் சரக்குச் சீட்டு வேண்டும், சாதாரண லாரிக்கு அது 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில் செல்லுபடியாகும், வழியில் லாரி பழுதாகி வேறு வண்டிக்குச் சரக்கை மாற்றினால் புது வண்டி எண்ணை அதில் ஏற்ற வேண்டும். 2017 ஜூலைக்கு முன்பு வாளையார் செக்போஸ்ட்டில் லாரிகள் வரிசைகட்டி நின்று காட்டிய கணக்கை இப்போது அலுவலகத்தில் உட்கார்ந்து ஒருவர் கம்ப்யூட்டரில் போடுகிறார். அந்த ஒருவராக நீங்கள் ஆக வேண்டும். எல்லை தாண்டி வியாபாரம் செய்கிற எல்லா கம்பெனிக்கும் அப்படி ஒரு ஆள் தேவைப்படுகிறது.

பக்கத்திலேயே ஒரு ஆடிட்டர் ஆபீஸோ மொத்த வியாபாரக் கடையோ பார்த்து நேரில் போய்க் கேளுங்கள். மாதாமாதம் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடுகிறவர்களுக்கு விற்பனை விவரம் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1-க்கு 11-ம் தேதி, வரிக்கணக்கு முடிக்கும் 3பி-க்கு 20-ம் தேதி கடைசி என்பதால் அந்த நாட்களை ஒட்டி அங்கே ஆள் போதாமல் திணறுவார்கள், அதற்குக் கொஞ்சம் முன்னால் போவது நல்லது. சம்பளம் குறைவாகத்தான் இருக்கும். ஆனால் சும்மா மட்டும் வேலை செய்யாதீர்கள், பஸ் காசும் சாப்பாட்டுக் காசுமாவது கேட்டு வாங்குங்கள், கேட்பதில் தப்பே இல்லை. கொள்முதல் பதிவை, சரக்கு விற்றவர்கள் காட்டிய பில்களின் பட்டியலான ஜிஎஸ்டிஆர்-2பியோடு எக்ஸெலில் வைத்து ஒப்பிடப் பழகுங்கள், விலுக்அப் என்கிற தேடும் ஃபார்முலா அப்போதுதான் மனதில் நிற்கும். பட்டதாரிகளுக்கு மத்திய அரசின் நாட்ஸ் என்ற ஒரு வருட அப்ரென்டிஸ் திட்டமும் இருக்கிறது, உதவித்தொகை தருவார்கள், அதிலும் பதிந்துவையுங்கள். அரசு வேலைக்கான கேரளத் தேர்வாணையத்தில் (பிஎஸ்சி) பதிவு இன்னும் செய்யவில்லை என்றால் அதையும் இந்த வாரமே முடியுங்கள்.

ரெஸ்யூமே ஒரு பக்கம் போதும். அப்பா பெயர், பொழுதுபோக்கு, கடின உழைப்பாளி என்கிற வரி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, தமிழ் எழுதப் படிக்க, மலையாளம் பேச வாசிக்க என்று மேலேயே தெளிவாகப் போடுங்கள். திருச்சூர் வியாபாரியிடமும் திருப்பூர் வியாபாரியிடமும் ஒரே ஆள் போனில் பேசிப் பாக்கியை வசூலிக்க முடியும் என்பது முதலாளிக்குப் பெரிய விஷயம், நீங்கள் அதைச் சொல்லாமலே வந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். மலையாளம் எழுதவும் தினம் கொஞ்சம் பழகுங்கள்.

இன்டர்வியூவில் தெரியாத கேள்வி வந்தால், இதுவரை செய்ததில்லை, இந்த வரிசையில் செய்து பார்ப்பேன் என்று யோசிப்பதை வாய்விட்டே சொல்லுங்கள். ஒரு மூன்று மாத ரிட்டர்ன் உங்கள் கையால் போட்டு முடித்ததும், போன தடவை வேண்டாம் என்று அனுப்பிய அதே கஞ்சிக்கோடு கம்பெனிகளுக்கே மறுபடியும் விண்ணப்பம் போடுங்கள், கூச்சப்படவே வேண்டாம்.