வாசகர் கேள்வி – பதில்: ஒட்டுச்சுவர் வீடுகளும் வளவு வீடுகளும்

கேள்வி: லண்டனில் வேலை பார்க்கும் மகள் வீட்டில் சில மாதங்கள் இருந்துவிட்டு வந்தேன். அவள் குடியிருக்கும் நியூயிங்டன் கிரீன் பகுதியில், புல்வெளித் திடலைப் பார்த்தபடி நான்கு செங்கல் வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கின்றன. 1658-இல் கட்டியவை என்றாள். நம் பக்கத்தில் ஒட்டினாற்போல் இருந்தால் அது வாடகைக்கு விடும் லைன் வீடு. அங்கேயோ பெரிய மனிதர்கள் அப்படிப்பட்ட வீடுகளில் வாழ்ந்தார்கள் என்கிறாள். இந்த வழக்கம் எப்படி வந்தது?
– ஓர் ஆச்சி, பள்ளத்தூர்

பதில்: ஆச்சி பார்த்துவிட்டு வந்திருப்பது லண்டனில் எஞ்சியிருக்கும் செங்கல் வரிசை வீடுகளிலேயே மிகப் பழையதை. 52 முதல் 55 வரை கதவிலக்கம் கொண்ட அந்த நான்கு வீடுகளும், பழைய கட்டடங்களுக்கு அந்நாட்டில் தரப்படும் பாதுகாப்பில் முதல் தரத்தைப் பெற்றவை. லண்டன் மாநகரின் பெரும்பகுதியை எரித்த 1666-ஆம் ஆண்டுப் பெருந்தீக்கு அவை எட்டு ஆண்டுகள் முந்தியவை. தீக்குப் பிறகு சட்டம் கட்டாயப்படுத்தியதால்தான் லண்டன்காரர்கள் மரத்தை விட்டுச் செங்கல்லுக்கு மாறினார்கள் என்று பொதுவாகச் சொல்வதுண்டு. அதற்கு முன்பே, அதுவும் ஊருக்கு வெளியே ஒரு சிற்றூரில், செங்கல் வரிசை எழும்பிவிட்டது என்பதற்கு இந்த நான்கும் சாட்சி.

கட்டிய காலத்தையும் கவனிக்க வேண்டும். லண்டன் அளவுக்கு மீறி வளர்கிறது என்ற அச்சத்தில், நகர வாயில்களிலிருந்து மூன்று மைல் சுற்றளவுக்குள் புதிய வீடு கட்டக் கூடாது என்று முதலாம் எலிசபெத் அரசி 1580-இலேயே ஆணை பிறப்பித்திருந்தார். 1657-இல், கிராம்வெல் ஆட்சியில், பத்து மைல் சுற்றளவில் 1620-க்குப் பிறகு போதிய நிலமில்லாமல் எழுந்த வீடுகளுக்கு ஓராண்டு வாடகையை அபராதமாக விதித்துச் சட்டம் வந்தது. நியூயிங்டன் கிரீன் மாநகரின் நடுவிலிருந்து நான்கு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரத்தில், அந்தப் பத்து மைலுக்குள் இருக்கிறது. சட்டம் வந்த மறு ஆண்டே அங்கே நான்கு வீடுகள் எழுந்தன என்றால், ஊருக்கு வெளியே நல்ல காற்றோடு குடியிருக்க வேண்டும் என்ற விருப்பம் அரசாங்கத் தடையைவிட வலுவாக இருந்தது என்றுதான் கொள்ள வேண்டும்.

அங்கே வாழ்ந்தவர்களைப் பற்றி மகள் சொன்னது சரிதான். அரசுத் திருச்சபையோடு ஒத்துப்போகாத கிறிஸ்தவர்கள், நகரத்துக்குள் வணிகத்தை வைத்துக்கொண்டு வழிபாட்டையும் பள்ளியையும் நகரத்துக்கு வெளியே அமைத்துக்கொண்ட இடங்களுள் நியூயிங்டன் கிரீன் ஒன்று. அவர்களுடைய தேவாலயம் 1708-இல் கட்டப்பட்டது. அதன் போதகராக 1758 முதல் பணியாற்றிய ரிச்சர்டு பிரைஸ் 54-ஆம் எண் வீட்டில் வாழ்ந்தார். ஆயுள் காப்பீட்டுக் கணக்குகளுக்கு அடித்தளம் இட்டவர்களுள் அவர் ஒருவர். அமெரிக்க விடுதலையை வெளிப்படையாக ஆதரித்தவர். பெஞ்சமின் பிராங்க்ளின் அவருக்கு நெருங்கிய நண்பர். பெண்களின் உரிமைக்காக 1792-இல் நூல் எழுதிப் புகழ்பெற்ற மேரி உல்ஸ்டன்கிராப்ட், 1784-இல் தம்முடைய பெண்கள் பள்ளியை இதே ஊரில்தான் நடத்தினார். பிரைசின் பிரசங்கங்களைக் கேட்டு வளர்ந்த சிந்தனை அவருடையது.

வசதி படைத்தவர்கள் ஏன் ஒட்டுச்சுவர் வீட்டுக்கு இசைந்தார்கள் என்பதற்கு விடை நிலத்தில் இருக்கிறது. லண்டனைச் சுற்றியிருந்த நிலத்தின் பெரும்பகுதி ஒரு சில பிரபுக்களிடமும் நிறுவனங்களிடமும் இருந்தது. அவர்கள் நிலத்தை விற்பதில்லை. நீண்ட காலக் குத்தகைக்கு விடுவார்கள். குத்தகைக் காலம் தொடக்கத்தில் குறைவாக இருந்து, பிற்பாடு 99 ஆண்டு என்பது வழக்கமானது. கட்டுகிறவர் வேலை நடக்கும் காலத்துக்குப் பெயருக்கு ஒரு மிளகு என்ற அளவில் வாடகை தந்து, வீட்டை எழுப்பி, மீதிக் குத்தகையை வேறொருவருக்கு விற்று லாபம் பார்ப்பார். காலம் முடிந்ததும் நிலம், வீடு இரண்டும் நிலக்காரருக்குத் திரும்பிவிடும். தெருவைப் பார்த்த முகப்பின் அடிக்கணக்கில்தான் மனையின் மதிப்பு கூடும் என்பதால், அகலத்தைக் குறைத்து, ஆழத்தையும் உயரத்தையும் கூட்டி, இரண்டு வீட்டுக்கு ஒரே சுவரை வைத்தால் செலவும் மிச்சம், மனையும் மிச்சம். தீக்குப் பிறகு நிக்கோலஸ் பார்பன் என்ற மருத்துவர் இதைப் பெரிய தொழிலாகவே செய்தார். 1684-இல் அவர் வளைத்த வயலில் வேலை தொடங்கியபோது, பக்கத்திலிருந்த கிரேஸ் இன் என்ற வழக்கறிஞர் சங்கத்தைச் சேர்ந்தவர்கள் திரண்டு வந்து அவருடைய வேலையாட்களோடு அடிதடியில் இறங்கினார்கள்.

நகரத்தாராகிய நம் முன்னோர் இந்த வகை வீடுகளை அறியாதவர்கள் அல்லர். 1822-இல் ஆங்கிலேய அதிகாரி ராபிள்ஸ் வகுத்த நகரத் திட்டம், சிங்கப்பூரின் தெருவோரக் கட்டடங்கள் ஒரே சீரான முகப்போடும் தொடர்ச்சியான நடைத் தாழ்வாரத்தோடும் வரிசையாக அமைய வேண்டும் என்று விதித்தது. அங்கே மார்க்கெட் தெருவில் நகரத்தார் வட்டித் தொழில் செய்த கிட்டங்கிகள் அத்தகைய ஒட்டுச்சுவர்க் கட்டடங்களில்தான் இயங்கின. ஒரே நீளக் கூடத்தில் பல விலாசங்கள், அதாவது தனித்தனி வட்டிக் கடைகள், பக்கம் பக்கமாகப் பெட்டகமும் கணக்குப் பெட்டியும் வைத்துக் கொடுக்கல் வாங்கல் நடத்தியதை, கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போன பாட்டையாக்கள் வழியாகக் கேட்டவர்கள் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். ஒட்டுச்சுவர் வரிசையில் வட்டித் தொழில் செய்து சேர்த்த பணத்தில் ஊருக்கு வந்து, தெருவுக்குத் தெரு நீளும் தனி வீடு கட்டியவர்கள் அவர்கள்.

கேள்வி: எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் இடையிலுள்ள சந்துக்கே தகராறு தீரவில்லை. ஒரே சுவரை இருவர் வைத்திருந்தால் அங்கே எப்படிச் சமாளிக்கிறார்கள்?
– ஒரு வாசகர், தேவகோட்டை

பதில்: தொடக்கத்திலேயே எழுதி வைத்துக்கொண்டார்கள். பெருந்தீக்குப் பிறகு லண்டனுக்கு வந்த 1667-ஆம் ஆண்டின் மறுகட்டுமானச் சட்டம் பொதுச் சுவரைப் பற்றிச் சொல்வதைப் படித்தால் நகரத்தார் வீட்டுக் கணக்கப்பிள்ளை எழுதியதோ என்று தோன்றும். எல்லைக்கோட்டின் இரு பக்கமும் சம அளவு நிலத்தில் சுவர் நிற்க வேண்டும்; முதலில் கட்டுகிறவர் முழுச் சுவரையும் எழுப்பலாம்; பக்கத்து மனைக்காரர் பிறகு வந்து அதே சுவரில் தம் வீட்டைச் சேர்க்கும்போது, பாதிச் செலவை நூற்றுக்கு ஆறு வட்டியோடு முதலாமவருக்குக் கொடுத்துவிட வேண்டும். முகப்புச் சுவரின் ஓரத்தில் ஒரு வரி விட்டு ஒரு வரி செங்கல்லை நீட்டி, பல் விட்டுக் கட்ட வேண்டும் என்பதும் அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. பின்னால் வருபவரின் சுவர் அந்தப் பல்லில் கவ்விக்கொள்ளும். நம் கொத்தனார்கள் இன்றைக்கும் அடுத்த அறை கட்டுவதாக இருந்தால் அப்படித்தான் விட்டு வைக்கிறார்கள்.

அடுத்தடுத்து வந்த சட்டங்கள் தீயை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. 1707-இல் முகப்பின் மர இறவாணத்தை விலக்கினார்கள். 1709-இல் மரச் சன்னல் சட்டத்தைச் சுவரின் முகத்திலிருந்து நான்கு அங்குலம் உள்ளே தள்ளி வைக்கச் சொன்னார்கள். அடுத்த முறை லண்டன் தெருவில் நடப்பவர்கள் சன்னலைக் கவனித்தால், சுவரோடு சமமாக இருப்பது பழைய மாதிரி, உள்வாங்கியிருப்பது பிந்திய மாதிரி என்று ஓரளவு ஊகிக்கலாம். 1696 முதல் 1851 வரை நடப்பில் இருந்த சன்னல் வரிக்குப் பயந்து செங்கல் வைத்து அடைத்த சன்னல்களும் கண்ணில் படும்.

இங்கிலாந்திலும் வேல்சிலும் இப்போது நடைமுறையில் இருப்பது 1996-ஆம் ஆண்டின் பொதுச் சுவர்ச் சட்டம். பொதுச் சுவரில் கை வைக்க நினைப்பவர் இரண்டு மாதத்துக்கு முன்பே பக்கத்து வீட்டாருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். அவர் பதினான்கு நாளில் இசைவு தரவில்லை என்றால், இருவரும் ஏற்கும் ஒரு கட்டட மதிப்பாய்வாளரோ ஆளுக்கொருவரோ வந்து, இன்ன வேலை, இன்ன முறை, யார் செலவு என்று எழுதித் தீர்ப்பார். அங்கேயும் சண்டை இல்லாமல் இல்லை. சண்டை எந்த வழியில் போக வேண்டும் என்பது முன்கூட்டியே வகுக்கப்பட்டிருக்கிறது. தேவகோட்டை வாசகரின் சந்துக்கும் இரண்டு பத்திரங்களின் நான்கெல்லையை ஒத்துப் பார்த்து, நில அளவரைக் கொண்டு அளந்து கல் நட்டு, இருவரும் கையெழுத்திட்டுப் பதிவு செய்துகொள்வது நல்லது.

கேள்வி: எங்கள் பூர்வீக வீட்டுக்குப் பங்காளிகள் பலர். இடிப்பதற்குப் பதிலாக, அந்த லண்டன் வீடுகளைப் போல் நடுவில் சுவர் வைத்துத் தனித்தனி வீடாகப் பிரித்துக்கொண்டால் என்ன?
– ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: வீட்டைக் காப்பாற்ற நினைத்துக் கேட்கிறீர்கள் என்பது புரிகிறது. ஆனால் அந்தச் சுவர் வீட்டைக் கொன்றுவிடும்.

லண்டன் வரிசை வீட்டுக்கு வெளிச்சம் முன் தெருவிலிருந்தும் பின் தோட்டத்திலிருந்தும் வருகிறது. பக்கச் சுவர்கள் கண்ணில்லாதவை, அடுப்பையும் புகைபோக்கியையும் தாங்குபவை. நடு முற்றத்தைச் சுற்றிக் கட்டிய வளவு வீட்டுக்கு வெளிச்சம், காற்று, மழை மூன்றும் முற்றத்தின் வழியாகவே வருகின்றன. முற்றத்தைச் சுற்றியுள்ள பத்திகளின், அதாவது தாழ்வாரங்களின், ஓட்டுச் சரிவு அனைத்தும் முற்றத்துக்குள் இறங்கி, தண்ணீர் அங்கிருந்து ஒரே போக்கில் வெளியேறுகிறது. பத்தியில் நின்று பார்த்தால், தூண் வரிசைக்குப் பின்னால் இரு பக்கமும் பிள்ளைகளுக்கான அறைகள் இருக்கும். உள்ளொன்று வெளியொன்றாக இருக்கும் அந்த அறைகளில் பெரும்பாலும் சன்னல் போதாது; கதவைத் திறந்தால் கிடைக்கும் முற்றத்து வெளிச்சத்தை நம்பித்தான் கட்டியிருக்கிறார்கள். முகப்பு வாசலிலிருந்து இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு தாண்டிப் பின் தெரு வரைக்கும் கதவுகள் நேர்கோட்டில் நிற்பதும் காற்று ஓடுவதற்காகவே. நடுவில் ஒரு சுவர் எழுந்தால் முற்றம் பாதியாகும், நீர்ப்போக்கு ஒரு பங்குக்குள் மாட்டிக்கொள்ளும், முதல் பெருமழையிலேயே பத்தியின் தேக்கு உத்திரம் நனையத் தொடங்கும்.

முன்னோர் இந்தப் பங்கைச் சுவர் இல்லாமலேயே செய்திருந்தார்கள். கல்யாணமான பிள்ளையை வேறு வைத்தால் அது ஒரு புள்ளி. அவர்களுக்குத் தனி அறை, தனி அடுப்பு, தனிச் செலவு. முகப்பும் வளவும் எல்லோருக்கும் பொது. கல்யாணம், முன்னோருக்குச் செய்யும் படைப்பு எல்லாம் அங்கேதான் நடக்கும். எல்லோரும் ஒரே ஊரில் இருந்த வரை அந்த ஏற்பாட்டுக்கு எழுத்து தேவைப்படவில்லை. இப்போது பங்காளிகள் சென்னையிலும் கோலாலம்பூரிலும் இருக்கும்போது, ஓடு மாற்ற யார் பணம் தருவது என்று கேட்க ஆளில்லாமல் வீடு ஒழுகுகிறது. ஒரு நாள் தூண், நிலை, கதவு எல்லாம் பிரிக்கப்பட்டுக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் விலைக்கு நிற்கின்றன. லண்டன்காரர்களிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அவர்கள் எழுதி வைத்த முறையை.

பங்காளிகள் அனைவரும் கூடி, அறைகள் இன்னின்னாருக்கு, முகப்பும் வளவும் கூரையும் பொது, பராமரிப்புக்குப் புள்ளிக்கு ஆண்டுக்கு இவ்வளவு, வெளியேற நினைப்பவர் தம் பங்கை முதலில் மற்றப் பங்காளிகளுக்கே கொடுக்க வேண்டும் என்று வழக்கறிஞரைக் கொண்டு எழுதிப் பதிவு செய்துகொள்ளுங்கள். வழக்கு வந்துவிட்டாலும் வழி அடைபடுவதில்லை. பிரிக்க வசதியில்லாத சொத்தில் பாதிக்குக் குறையாத பங்குடையவர்கள் கேட்டால் நீதிமன்றம் விற்பனைக்கு உத்தரவிடலாம் என்கிறது 1893-ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டத்தின் இரண்டாம் பிரிவு. அப்போது, விற்கக் கேட்பவரின் பங்கை மதிப்பிட்ட விலைக்குத் தாமே வாங்கிக்கொள்ள மற்றப் பங்காளிகளுக்கு மூன்றாம் பிரிவு உரிமை தருகிறது. வீடு நிற்க வேண்டும் என்று நினைக்கும் பங்காளிகள் ஒன்றாகச் சேர்ந்து அந்தப் பிரிவில் மனுக் கொடுப்பதற்குத் தேவையான பணத்தை இப்போதிருந்தே பொதுக் கணக்கில் போட்டு வருவது, ஏல அறிவிப்பு வந்த பிறகு அலைவதைவிட எளிது.