லாக்கை அழித்தும் டிஸ்க் காலியாகவில்லையே?

கேள்வி: கோரிக்கைகளைப் பின்னாலுள்ள சர்வர்களுக்குக் கடத்தும் எங்கள் என்ஜின்எக்ஸ் (nginx) ரிவர்ஸ் ப்ராக்ஸியில் அடிக்கடி 504 (பின் சர்வர் நேரத்துக்குள் பதில் தரவில்லை என்ற பிழை) வந்தது. காரணம் தேட எரர் லாக்கை (பிழைப் பதிவு ஃபைல்), எல்லா விவரத்தையும் எழுதும் டீபக் நிலைக்கு மாற்றினேன். ஒரே இரவில் டிஸ்க் நிரம்பிவிட்டது. ஃபைலை அழித்து, பழைய நிலைக்கு மாற்றி ரீலோட் செய்தேன். இடம் திரும்பவில்லை. பழைய வொர்க்கர்கள் (கோரிக்கைகளைக் கையாளும் ப்ராசஸ்கள்) சில ‘ஷட்டிங் டவுன்’ என்றே நிற்கின்றன. எல்லாவற்றுக்கும் கில் -9 (ப்ராசஸை உடனே கொல்லும் கட்டளை) அடித்துவிடலாமா?

பதில்: வேண்டாம், பொறுங்கள். நீங்கள் அழித்தது ஃபைலின் பெயரை மட்டும்தான். ஏதாவது ஒரு ப்ராசஸ் அதைத் திறந்து வைத்திருக்கும் வரை லினக்ஸ் அந்த இடத்தை விடாது. ரீலோடில் மாஸ்டரும் (வொர்க்கர்களை நிர்வகிக்கும் தலைமை ப்ராசஸ்) புது வொர்க்கர்களும் புது ஃபைலுக்கு மாறிவிட்டன. பழைய வொர்க்கர்கள் கையில்தான் பெயர் அழிந்த அந்த ஃபைல் இன்னும் இருக்கிறது. திறந்திருக்கும் ஃபைல்களைப் பட்டியலிடும் எல்.எஸ்.ஓ.எஃப். (lsof) கட்டளை கொடுத்தால், ‘டெலீட்டட்’ என்று முடியும் வரியில் அந்த ப்ராசஸின் எண் கிடைக்கும்.

பழைய வொர்க்கர்கள் ஏன் போகவில்லை? ரீலோட் செய்ததும் பழைய வொர்க்கர் புது இணைப்பு எதையும் ஏற்காது. கையிலிருப்பதை முடித்துவிட்டுத்தான் கிளம்பும். வெப்சாக்கெட் இணைப்பு (இரு பக்கமும் பேசிக்கொள்ளத் திறந்தே இருப்பது) இருந்தால் அது முடியவே முடியாது. ப்ராக்ஸி ரீட் டைம்அவுட் (பின் சர்வரிடமிருந்து தரவு வரக் காத்திருக்கும் நேரம்) இயல்பாக 60 விநாடிதான், ஆனால் இடையிடையே பிங் (இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் சிறு செய்தி) போய்க்கொண்டிருந்தால் அந்தக் கணக்கு மறுபடி முதலிலிருந்து ஓடும். நாள்கணக்கில் நிற்கும் வொர்க்கர்களை நானே பார்த்திருக்கிறேன்.

ஆகவே அந்தப் பழைய வொர்க்கர்களுக்கு மட்டும் டெர்ம் (‘முடித்துக்கொள்’ என்ற) சிக்னல் அனுப்புங்கள். அவற்றில் தொங்கும் இணைப்புகள் அறுந்து மறுபடி சேரும், டிஸ்க்கும் காலியாகும். மாஸ்டர் மேல் மட்டும் -9 அடித்துவிடாதீர்கள். சிஸ்டம்டி போன்ற மேற்பார்வை இல்லாத இடத்தில் வொர்க்கர்கள் அனாதையாக ஓடிக்கொண்டே போர்ட்டைப் பிடித்து வைத்திருக்கும். திரும்பத் தொடங்கினால் ‘முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில்’ என்று எமர்ஜ் (மிகக் கடுமையான) நிலைப் பிழைதான் வரும்.

இனிமேல் இது நேராமலிருக்க, 1.11.11 பதிப்பில் வந்த வொர்க்கர் ஷட்டவுன் டைம்அவுட்டை (பழைய வொர்க்கர் கிளம்புவதற்கான நேர வரம்பு) அமையுங்கள். ஒரு நுணுக்கம்: ஏற்கெனவே ஓடும் வொர்க்கர்களுக்கு இது பொருந்தாது, அதற்குப் பின் பிறப்பவற்றுக்குத்தான். லாக்கை ஒதுக்க வேண்டுமென்றால் முதலில் பெயரை மாற்றி, பிறகு மாஸ்டருக்கு யூ.எஸ்.ஆர்.1 சிக்னல் கொடுங்கள். புது ஃபைல் திறந்துகொள்ளும்.

லாக் நிலைகள் விஷயத்தில் பலரும் தடுமாறுவார்கள். டீபக், இன்ஃபோ, நோட்டீஸ், வார்ன், எரர், கிரிட், அலர்ட், எமர்ஜ் என எட்டு. எதைக் குறிப்பிடுகிறீர்களோ அதுவும் அதைவிடக் கடுமையானவையும் பதிவாகும். எதையும் குறிப்பிடாவிட்டால் எரர். வார்ன் வைப்பதே என் பழக்கம்: அப்ஸ்ட்ரீம் (பின் சர்வர்) பதில் தற்காலிக ஃபைலுக்கு வழிவது அதில்தான் தெரியும். வொர்க்கர் கனெக்‌ஷன்கள் போதாமை அலர்ட் நிலையில் வரும், எனவே தவறவே தவறாது.

டீபக் கட்டாயம் வேண்டுமென்றால், கான்ஃபிக் ஃபைலின் ஈவென்ட்ஸ் பகுதியில் டீபக் கனெக்‌ஷன் என்று கொடுத்து உங்கள் ஒரு ஐ.பி.க்கு மட்டும் திறந்துவிடுங்கள் (டீபக் ஆதரவோடு கட்டப்பட்ட என்ஜின்எக்ஸாக இருக்க வேண்டும்). உங்கள் 504-க்கு அதுகூடத் தேவைப்பட்டிருக்காது. ‘அப்ஸ்ட்ரீம் டைம்டு அவுட்’ என்ற வரி எரர் நிலையிலேயே, எந்த சர்வர் பதில் தரவில்லை என்ற முகவரியோடு பதிவாகும். அதைத் தேடிப் பாருங்கள்.